சொந்த பிட்காயின் நோடு, ஒரு பைத்தான் லைப்ரரி, கொஞ்சம் கட்டணக் கணக்கு

பிட்காயினில் பிளாக் (பரிவர்த்தனைகளைத் தொகுத்து வைக்கும் கட்டு) ஒவ்வொன்றிலும் பரிவர்த்தனைக் கட்டணம் எந்த அளவில் போனது என்று எழுதி வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. வெளியே எந்தச் சேவையையும் கேட்பதில்லை, பக்கத்திலேயே ஓடும் நோடிடம் (பிட்காயின் வலையில் சேர்ந்து எல்லா பிளாக்கையும் தானே சரிபார்க்கும் மென்பொருள்) கேட்டு எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதிக்கொள்கிறது. மொத்தம் நூறு வரிக்குள்தான். நோடோடு பேசும் பகுதி அதில் பத்து வரி. மிச்சமெல்லாம் நோடு 'முடியாது' என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கானவை. அந்த மிச்ச வரிகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டியில் ஒரு காயின்கூட இல்லை. கான்ஃபிக் ஃபைலில் வாலட்டையே (காயின்களை வைத்து அனுப்பும் பகுதி) அணைத்து வைத்திருக்கிறேன். விலை ஏறுமா இறங்குமா என்பதற்கு இங்கே பதில் கிடையாது.

பெட்டி நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், உபுண்டு. உள்ளே 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க். முழு பிளாக்செயின் (முதல் நாளிலிருந்து வந்த பிளாக்குகளின் சங்கிலி) 600 ஜிபியைத் தாண்டி நாளாகிவிட்டது, எனவே முழுதாக வைக்க இடமில்லை. நான் ஓட்டும் நோடு மென்பொருளான பிட்காயின் கோரில் ப்ரூன் என்று ஒரு வசதி உண்டு: எல்லா பிளாக்கையும் இறக்கிச் சரிபார்க்கும், ஆனால் பழையவற்றை அழித்துக்கொண்டே வரும். குறைந்தபட்சம் 550 எம்பி கொடுத்தால் போதும். நான் 20 ஜிபி கொடுத்தேன். அதில் தோராயமாக இரண்டு மாத பிளாக்குகள் நிற்கும். கட்டணம் எழுதுவது இன்றிலிருந்துதானே, பழசு எதற்கு என்று நினைத்துத்தான் அப்படி வைத்தேன். அந்த நினைப்பு எங்கே போய் முட்டியது என்று பிறகு வருகிறது.

நோடை ஓடவிட்டு, அது இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் லைப்ரரி பக்கம் போனேன். பைத்தானில் இதற்கு இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். ஒன்று பைத்தான்-பிட்காயின்லிப். அது பிளாக், பரிவர்த்தனை எல்லாவற்றையும் தன் சொந்த ஆப்ஜெக்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்க்க, கையெழுத்துப் போட அது நல்லது. இன்னொன்று பைத்தான்-பிட்காயின்ஆர்பிசி. இது நோடின் ஆர்பிசிக்கு, அதாவது வெளியிலிருந்து நோடுக்குக் கமாண்ட் அனுப்பும் வழிக்கு, வெறும் மேலுறை. நீங்கள் எந்தப் பெயரில் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அதே பெயரை ஜேசனில் போட்டு நோடுக்கு அனுப்பிவிடும். அப்படி ஒரு கமாண்ட் உண்டா என்றுகூட அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நோடில் நாளை புதுக் கமாண்ட் வந்தால் லைப்ரரியை மாற்றாமலே கூப்பிடலாம். எனக்கு வேண்டியது எண்கள் மட்டும் என்பதால் இரண்டாவதை எடுத்தேன்.

இணைப்பு முகவரி எளிது: சொந்த மெஷின், போர்ட் 8332. கடவுச்சொல்தான் கொஞ்சம் இழுத்தது. நீங்கள் எதையும் அமைக்காவிட்டால் நோடு தன் டேட்டா ஃபோல்டரில் குக்கி என்று ஒரு மறைவு ஃபைலை எழுதி வைக்கும். பயனர் பெயரும் நீளமான கடவுச்சொல்லும் அதில் இருக்கும். அதைத் திறந்து காப்பி எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டினேன், வேலை செய்தது. மறுநாள் பெட்டியை ரீஸ்டார்ட் செய்ததும் 401, அதாவது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. நோடு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புதுக் குக்கி எழுதும், பழைய கடவுச்சொல் அதோடு செத்தது.

இதற்கு இரண்டு வழி. ஸ்கிரிப்ட் கிளம்பும்போது அந்த ஃபைலைப் படித்துக்கொள்ளலாம். அல்லது நோடின் சோர்ஸோடு வரும் ஆர்பிசிஆத் என்ற குட்டி ஸ்கிரிப்டை ஓட்டி நிலையான கடவுச்சொல் ஒன்று உருவாக்கலாம். கான்ஃபிக்கில் உப்பு சேர்த்த ஹாஷ்தான் (தற்செயல் எழுத்துகள் கலந்து கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திருப்பி எடுக்க முடியாத குறியீடு) போகும், கடவுச்சொல் போகாது. நான் இரண்டாவதை எடுத்தேன், ஸ்கிரிப்ட் வேறு யூசரில் ஓடுவதால். கடவுச்சொல்லை நாமே யோசித்து வைப்பதானால் அட் (@), ஸ்லாஷ் (/), ஹாஷ் (#) குறிகளைத் தவிர்த்துவிடுங்கள். லைப்ரரி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முகவரிக்குள்ளேயே செருகிக் கேட்கிறது, நடுவில் ஹாஷ் குறி வந்தால் முகவரி அங்கேயே அறுந்துவிடும். எர்ரரோ போர்ட் எண் சரியில்லை என்கிற மாதிரி வரும், கடவுச்சொல் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

லேப்டாப்பிலிருந்து பேசவும் ஆசை. ஆர்பிசிபைண்ட், ஆர்பிசிஅலவ்ஐபி என்ற கான்ஃபிக் வரிகள் இரண்டையும் போட்டுத் திறந்துவிடலாம்தான். ஆனால் இந்த ஆர்பிசியில் குறியாக்கம் எதுவும் இல்லை, கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகும். எஸ்எஸ்எச் டனல் (குறியாக்கம் செய்த பாதை) போட்டு லேப்டாப்பின் 8332-ஐப் பெட்டியின் 8332-க்கு இணைத்தேன். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உண்மைச் சங்கிலி இறங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாமே என்று ரெக்டெஸ்ட்டில் விளையாடினேன். அது உங்கள் மெஷினில் மட்டும் இருக்கும் தனிச் சங்கிலி, போர்ட் 18443. பிளாக் வேண்டுமென்றால் கமாண்ட் கொடுத்தால் உடனே வந்துவிடும். இங்கே மூன்று இடத்தில் எல்லாரும் நிற்பார்கள், நானும் நின்றேன். வாலட் தானாக உருவாகாது, கிரியேட்வாலட் கொடுக்காவிட்டால் மைனஸ் 18 என்ற எர்ரர் வரும். முதல் பிளாக்கை உருவாக்கியதும் 50 காயின் வந்தது போலத் தெரியும், ஆனால் இருப்பு பூஜ்யம்தான். பிளாக் பரிசை (பிளாக்கை உருவாக்குபவருக்குக் கிடைக்கும் புதுக் காயின்) செலவு செய்ய அதற்கு மேல் 100 பிளாக் ஏற வேண்டும் என்பது விதி, எனவே 101 பிளாக் போட வேண்டும். அப்புறம் அனுப்பப் போனால் கட்டணத்தைக் கணிக்க முடியவில்லை, ஃபால்பேக்ஃபீ (கணிக்க முடியாதபோது போடும் கட்டணம்) அணைந்திருக்கிறது என்று நிற்கும். வெறிச்சோடிய சங்கிலியில் கட்டணத்தைக் கணிக்கச் சரித்திரம் ஏது? கான்ஃபிக்கில் ஃபால்பேக்ஃபீ ஒரு வரி சேர்த்ததும் நகர்ந்தது.

இதற்குள் உண்மை நோடு திணற ஆரம்பித்துவிட்டது. முதல் சில லட்சம் பிளாக்குகள் மளமளவென்று போகும், அவை அவ்வளவு காலி. 2017-க்குப் பிந்தைய பிளாக்குகளுக்கு வந்ததும் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. செலவாகாத அவுட்புட்டுகளின் (பரிவர்த்தனைகளில் வந்து இன்னும் யாரும் செலவழிக்காத தொகைகள்) பட்டியலை நோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேடுகிறது. அந்தத் தேடல் டிஸ்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிறது, சுழலும் டிஸ்க்குக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. இணைய வேகமும் சிபியுவும் சும்மா இருந்தன. ப்ரூன் செய்தால் இடம்தான் மிச்சம், இந்தத் தேடல் அப்படியேதான் இருக்கும்.

எப்படியோ தவழ்ந்து முடித்தது. முதல் வேலையாக 170-ஆம் பிளாக்கைக் கேட்டேன். 2009 ஜனவரி 12-இல் பிட்காயினை உருவாக்கிய சடோஷி, ஆரம்பகாலப் பயனரான ஹால் ஃபின்னிக்கு 10 காயின் அனுப்பிய பிளாக். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பரிவர்த்தனை அதுதான். கிடைத்த பதில்: பிளாக் இல்லை, ப்ரூன் செய்யப்பட்டுவிட்டது. நியாயம்தான், நான்தான் அழிக்கச் சொன்னேன். ஆனால் அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் எழுதும் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க, விடை ஊருக்கே தெரிந்த பழைய பிளாக்குகள் வேண்டும். அவை இல்லாமல் ஸ்கிரிப்ட் சொல்வதை எதை வைத்து நம்புவது?

ப்ரூன் செய்த நோடைப் பின்னால் திருப்ப முடியாது. முழுதாக வேண்டுமென்றால் முதலிலிருந்து இறக்க வேண்டும். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி 5,800 ரூபாய்க்கு வாங்கினேன், ப்ரூன் வரியை எடுத்தேன், டிபிகேஷை (நோடு ராமில் எடுத்துக்கொள்ளும் இடம்) 4000 எம்பிக்கு ஏற்றினேன். இயல்பாக அது 450. அந்த அவுட்புட் பட்டியலை ராமிலேயே வைத்து வேலை பார்க்கும் என்பதால் வேகம் எங்கேயோ போனது. கூடவே ஒரு விலையும் உண்டு: டிஸ்க்குக்கு எழுதுவதை நோடு தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. ஒரு மதியம் கரண்ட் போய் வந்தபோது, கடைசியாக எப்போது எழுதியதோ அங்கிருந்து பிளாக்குகளை மறுபடி ஓட்ட ஆரம்பித்தது. எதுவும் கெடவில்லை, பல மணி நேர உழைப்பு மட்டும் போயிற்று. அன்று மாலையே 600 விஏ யுபிஎஸ் ஒன்று, 2,600 ரூபாய். எஸ்எஸ்டியில் முழு இறக்கமும் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. முடிந்ததும் டிபிகேஷை மறுபடி 450-க்கே இறக்கிவிட்டேன், தினசரி வேலைக்கு அது தாராளம்.

இப்போது 170 கிடைத்தது. பிளாக்கில் இரண்டே பரிவர்த்தனை. அந்த 10 காயின் பரிவர்த்தனையை மட்டும் அதன் ஐடி கொடுத்து கெட்ராட்ரான்ஸாக்ஷனில் கேட்டால் மைனஸ் 5: மெம்பூலில் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் இடம்) அப்படி எதுவும் இல்லை, டிஎக்ஸ்இண்டெக்ஸ் (எந்தப் பரிவர்த்தனை எந்த பிளாக்கில் என்ற அட்டவணை) போடு, அல்லது பிளாக் ஹாஷ் (பிளாக்கின் தனி அடையாளக் குறியீடு) கொடு. இதைப் பார்த்ததும் பலரும் டிஎக்ஸ்இண்டெக்ஸைப் போட்டுவிடுகிறார்கள். அது இன்னும் பல பத்து ஜிபி தின்னும், 1 டிபி டிஸ்கில் அது சின்ன விஷயமில்லை. பரிவர்த்தனை எந்த பிளாக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் மூன்றாவது அளவுருவாக அந்த ஹாஷைக் கொடுத்தாலே போதும். எர்ரர் செய்தியின் பாதியிலேயே மருந்தும் எழுதியிருக்கிறது.

சரி, கட்டணம். ஒரு பரிவர்த்தனையின் கட்டணம் அதற்குள் எழுதப்பட்டிருக்காது. உள்ளே வந்த தொகையில் வெளியே போனதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கட்டணம். உள்ளே வந்தது எவ்வளவு என்று தெரிய, அந்த இன்புட் எந்தப் பழைய பரிவர்த்தனையிலிருந்து வந்ததோ அதைத் தேட வேண்டும். பாடப்புத்தகம் போல அதையே எழுதினேன்: பிளாக்கை எடு, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒவ்வொரு இன்புட்டையும் தேடு. அந்தப் பழைய பரிவர்த்தனை எந்த பிளாக் என்று தெரியாததால், இதற்காகவே டிஎக்ஸ்இண்டெக்ஸையும் தற்காலிகமாகக் கட்ட வேண்டியதாயிற்று. மூவாயிரம் பரிவர்த்தனை உள்ள பிளாக் என்றால் ஏழெட்டாயிரம் கேள்வி. வேகமாக்கலாம் என்று த்ரெட் போட்டு ஒரே நேரத்தில் அடித்தேன். நோடு 503 கொடுத்து, வேலை வரிசை நிரம்பிவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டது. வரிசையின் நீளத்தைக் கான்ஃபிக்கில் கூட்டலாம். கூட்டினேன், கதவு கொஞ்சம் தாமதமாகச் சாத்தியது.

விடை நோடிலேயே இருந்தது. கெட்பிளாக்ஸ்டாட்ஸ் என்று ஒரு கமாண்ட். பிளாக்கின் உயரத்தை (சங்கிலியில் அதன் வரிசை எண்) கொடுத்தால் மொத்தக் கட்டணம், பிளாக் பரிசு, பரிவர்த்தனை எண்ணிக்கை, கட்டண வீதத்தின் 10, 25, 50, 75, 90 சதவீதப் புள்ளிகள் எல்லாம் ஒரே பதிலில். பிளாக்கோடு அன்டூ என்றொரு ஃபைலையும் நோடு வைத்திருக்கிறது. பிளாக் எந்தெந்த அவுட்புட்டுகளைச் செலவழித்தது என்ற விவரம் அதில் இருப்பதால் பழைய பரிவர்த்தனைகளைத் தேடி அலையத் தேவையில்லை. ஏழெட்டாயிரம் கேள்வி ஒன்றானது. இந்த ஐ5-இலேயே ஒரு பிளாக் ஒரு நொடிக்குள் முடிகிறது. டிஎக்ஸ்இண்டெக்ஸ் ஃபோல்டரை அன்றே அழித்தேன். லைப்ரரி வெறும் மேலுறை என்பதால் அதன் ஆவணத்தில் இந்தப் பெயர் எங்கும் வராது. நோடின் ஹெல்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தச் சுற்று முழுவதும் மிச்சம்.

அலகுகளில் ஒரு பொறி இருக்கிறது. கெட்பிளாக்ஸ்டாட்ஸ் தொகைகளை சடோஷியில் (ஒரு பிட்காயினில் பத்து கோடியில் ஒரு பங்கு) கொடுக்கும், கட்டண வீதம் ஒரு விர்ச்சுவல் பைட்டுக்கு (பரிவர்த்தனையின் அளவைக் கணக்கிடும் அலகு) இத்தனை சடோஷி. எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ கொடுப்பதோ ஆயிரம் விர்ச்சுவல் பைட்டுக்கு இத்தனை பிட்காயின். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டாவதை ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பிட்காயின் எண்களை லைப்ரரி டெசிமல் வகையில் தருகிறது, ஃப்ளோட்டில் தருவதில்லை. இது நல்ல குணம், எட்டு தசம இடத்தில் ஃப்ளோட்டை நம்ப முடியாது. ஆனால் அதை அப்படியே ஜேசனாக எழுதப் போனால் பைத்தான் மறுக்கும். அவசரத்தில் ஃப்ளோட்டாக மாற்றிவிடத் தோன்றும், வேண்டாம். கையில் வாங்கியதும் பத்து கோடியால் பெருக்கி முழு எண் சடோஷியாக்கிவிட்டேன். என் டேட்டாபேஸில் தசமப் புள்ளியே கிடையாது.

அடுத்தது என்னை அதிகம் அலைக்கழித்தது. ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை புது பிளாக் வந்ததா என்று கேட்கும். முதல் கேள்விக்குப் பதில் வரும், இரண்டாவதில் ப்ரோக்கன் பைப், அதாவது இணைப்பு அறுந்துவிட்டது. கையால் அடித்துப் பார்த்தால் எல்லாம் சரி. நோடு லாகில் ஒன்றுமில்லை. இடைவெளியை 20 நொடியாக்கினேன், மணிக்கணக்கில் ஓடியது. மறுபடி 60, மறுபடி சாவு. காரணம் கான்ஃபிக் பட்டியலில் கிடைத்தது: ஆர்பிசிசர்வர்டைம்அவுட், இயல்பாக 30 நொடி. லைப்ரரி ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே பேசுகிறது, 30 நொடி யாரும் பேசாவிட்டால் நோடு அதை மூடிவிடுகிறது. மூடியது லைப்ரரிக்குத் தெரியாது. நேரத்தைக் கூட்டி ஒப்பேற்றலாம். நான் ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பு ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கும்படி மாற்றினேன். உள்ளூர் இணைப்பு, செலவு ஒன்றும் தெரியவில்லை.

லைப்ரரியின் பக்கமும் ஒரு 30 நொடி உண்டு, இது பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை. ஒரே பேட்சில் நூற்றுக்கணக்கான பழைய பிளாக்குகளைக் கேட்டபோது அது அறுந்தது. இணைப்பை உருவாக்கும்போதே டைம்அவுட்டை 120 என்று கொடுக்கலாம். இரண்டும் 30 என்பதால் லாகைப் பார்த்து எது எது என்று பிரித்தறியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பெட்டி கிளம்பும்போதே புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் போட்டதும் புதுத் தொல்லை. பெட்டி கிளம்பும்போது நோடும் ஸ்கிரிப்டும் சேர்ந்தே கிளம்புகின்றன. நோடு கதவைத் திறந்துவிடும், ஆனால் உள்ளே பிளாக் இண்டெக்ஸை ஏற்றிக்கொண்டிருக்கும். எது கேட்டாலும் மைனஸ் 28. இது எர்ரர் வேடத்தில் வரும் 'கொஞ்சம் இரு'. ஸ்கிரிப்ட் எர்ரர் எண்ணைப் பார்த்து, 28 என்றால் பத்து நொடி தூங்கி மறுபடி கேட்கும், வேறு எதுவென்றாலும் எழுதிவிட்டு நிற்கும். எல்லா எர்ரரையும் ஒரே வலையில் பிடித்து மறுபடி முயலும் வழக்கம் இந்த வேலைக்கு ஆகாது. கடவுச்சொல் தப்பு என்றால் இரவெல்லாம் முயன்றாலும் அது தப்புதான்.

புது பிளாக்கை எழுதுவதில் ஒரு நுணுக்கம். நுனியில் உள்ள பிளாக் சில சமயம் மாறும். இரண்டு மைனர்கள் (புது பிளாக்கை உருவாக்குபவர்கள்) ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்தால், அடுத்த பிளாக் எதன் மேல் ஏறுகிறதோ அது நிற்கும், மற்றது போகும். உயரத்தை மட்டும் வைத்து எழுதினால் போன பிளாக்கின் கணக்கு டேட்டாபேஸில் தங்கிவிடும். எனவே ஒவ்வொரு வரிசையிலும் ஹாஷையும் சேர்த்து எழுதுகிறேன், நுனியிலிருந்து இரண்டு பிளாக் பின்தங்கியே எழுதுகிறேன். புது பிளாக்கின் முந்தைய ஹாஷ் நான் எழுதி வைத்ததோடு பொருந்தாவிட்டால் பின்னால் போய் அழித்து எழுதும் பகுதியும் இருக்கிறது. ரெக்டெஸ்ட்டில் இன்வேலிடேட்பிளாக் கொடுத்து வேண்டுமென்றே சங்கிலியை மடக்கிப் பார்த்தேன், வேலை செய்கிறது.

சரிபார்ப்புக்கு 170-ஐ ஓட்டினேன்: கட்டணம் பூஜ்யம், மொத்த அவுட்புட் 500 கோடி சடோஷி, அதாவது ஃபின்னிக்குப் போன 10-உம் சடோஷிக்கே மீதியாகத் திரும்பிய 40-உம். அடுத்து 8,40,000-ஆம் பிளாக், 2024 ஏப்ரல் 20 இந்திய நேரப்படி அதிகாலை வந்த ஹாவிங், அதாவது பிளாக் பரிசு பாதியாகும் தருணம். பிளாக் பரிசு 62.5 கோடி சடோஷியிலிருந்து 31.25 கோடிக்கு இறங்கியிருக்கிறது. கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல், பரிசைப் போலப் பன்னிரண்டு மடங்கு. பிட்காயின் சங்கிலி மேலேயே உருவாக்கும் ரூன்ஸ் டோக்கன்கள் அந்த பிளாக்கில்தான் தொடங்கின, இடம் பிடிக்க எல்லாரும் அள்ளிக் கொட்டினார்கள். தெரிந்த விடை வந்தது, நம்பிக்கையும் வந்தது.

வரைபடம் போட்டபோது நடுநடுவே கோடு பூஜ்யத்துக்கு விழுந்தது. கட்டணம் திடீரென்று இலவசமாகிவிட்டதா? இல்லை, அவை காலி பிளாக்குகள். முந்தைய பிளாக் வந்த சில நொடிகளிலேயே அடுத்தது கிடைத்துவிட்டால், மைனர் தன் பரிசுப் பரிவர்த்தனையை மட்டும் வைத்து பிளாக்கை மூடியிருப்பார். பரிவர்த்தனை எண்ணிக்கை 1 என்று இருக்கும், சதவீதப் புள்ளிகள் ஐந்தும் பூஜ்யம். தினசரி சராசரி எடுக்கும்போது அந்த வரிசைகளை விலக்கிவிடுகிறேன்.

மொத்தச் செலவு எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் சேர்த்து 8,400 ரூபாய். பெட்டி சும்மா இருக்கும்போது 40 வாட்டுக்குள், நாளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சங்கிலி இரண்டு தடவை இறங்கியதால் அந்த மாதம் இணையக் கணக்கில் 1300 ஜிபிக்கு மேல் காட்டியது. என் திட்டத்தின் எல்லை 3300, தப்பித்தேன். எல்லை குறைந்த திட்டம் வைத்திருப்பவர்கள் மாதத் தொடக்கத்தில் ஆரம்பிப்பது நல்லது.

மறுபடி செய்வதானால் ஹார்ட் டிஸ்கைத் தொடவே மாட்டேன், நேராக 2 டிபி எஸ்எஸ்டி. சங்கிலி வளர்ந்துகொண்டே போகிறது, 1 டிபியில் இன்னும் சில வருடம்தான் ஓடும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதையும் விட்டுவிடலாம். நோடு இசட்எம்க்யூ வழியாகப் புது பிளாக் வந்ததும் தானே குரல் கொடுக்கும், போர்ட் 28332-இல் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஆனால் ஸ்கிரிப்ட் அணைந்திருந்த நேரத்தில் வந்த குரல் வந்ததுதான், மறுபடி கேட்காது. எனவே கிளம்பும்போது டேட்டாபேஸின் கடைசி உயரத்திலிருந்து நுனிவரை எழுதும் பகுதி எப்படியும் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது, நிமிடக் கடிகாரத்தின் இடத்தில் இசட்எம்க்யூ குரலை வைப்பது மட்டும் பாக்கி.